கேம்ப் நடந்த இடம்

என்னைக் கல்லூரியில் சேர்த்தது என் உயரம்தான். ப்ளஸ் டூவில் நான் வாங்கிய மார்க்கை நம்பி யாரும் வீடு தேடி வந்திருக்க மாட்டார்கள். பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு வாலிபால் போட்டியில் நான் குதித்தபோது முழங்கைவரை வலைக்கு மேலே தெரிந்ததாம். அதைப் பார்த்துவிட்டு விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியின் பி.டி. மேடம், ஆனைக்குட்டத்துப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு மினி பஸ் பிடித்து வந்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் ஒன்று அது. எங்கள் தெருவில் அப்போது யாரிடமும் செல்போன் இல்லை. அவர் சொல்லாமல் கொள்ளாமல்தான் வர முடிந்தது.

அம்மா வெடி கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை பார்த்தாள். வேலை முடிந்து வந்து வாசலில் கை கால் அலம்பிக்கொண்டிருந்தவளிடம் மேடம் விஷயத்தைச் சொன்னார். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலுக்குப் பணம் கிடையாது, மூன்று வேளைச் சாப்பாடும் காலேஜ் பொறுப்பு. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அதுக்குப் பதிலா நாங்க என்ன செய்யணும்?"

"பந்து ஆடணும். அம்புட்டுத்தான்" என்றார் மேடம்.

அப்பா திருப்பூரில் இருந்தார். வந்தால் வருவார். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அம்மா சொல்லவில்லை. மேடத்துக்கு காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, என் சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். காலேஜ் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு பெண் பத்தாவது முடித்தாலும் பன்னிரண்டாவது முடித்தாலும் காலையில் ஏறுகிற வேன் ஒன்றுதான். கம்பெனி வேன். என்னை அதில் ஏற்றுவதில்லை என்று அம்மா வைராக்கியமாக இருந்தாள். "ஓங் கையில மருந்து ஒட்டக் கூடாது" என்பாள். பட்டாசுக்குள் போகிற பொடிக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பேர். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும். லீவு நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனால்கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டும். கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அவள் மாதிரி இன்னும் பல அம்மாக்கள் அப்படிச் சொல்லத்தான் செய்தார்கள், பிறகு ஒருநாள் அவர்களே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேன் ஏறினார்கள். என் அம்மா என்னை ஏற்றவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குத் தெருவில் கொஞ்சம் தலைக்கனம் என்றே பேர் இருந்தது.

கல்லூரியில் சேரும்போது என் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். இடையில் நின்றால் மூன்று வருட ஃபீஸையும் கட்டிவிட்டுத்தான் அதை வாங்க முடியும் என்று ஆபீசில் சொன்னார்கள். விளையாட்டில் சேர்ந்த எல்லோருக்கும் அதுதான் நடைமுறை. அம்மாவுக்கு அது புதிதாக இல்லை. கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அதைக் கழிக்கும்வரை வேறு கம்பெனிக்குப் போக முடியாது, அது மாதிரிதானே என்று என்னிடம் கேட்டாள். காலேஜை வெடி கம்பெனியோடு சேர்த்துப் பேசுகிறாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்றைக்கு அந்த ஆபீசில் நின்றவர்களில் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

பி.டி. மேடத்தைப் பற்றிக் கெடுதலாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது நானும் ஒரு ஸ்கூலில் பி.டி. மிஸ்தான். பந்து கேட்டால் ஆபீசில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலேஜில் படித்த ஒவ்வொரு பிள்ளையிடமும் ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் என்று தனியாக வாங்கினார்கள். நான் சேர்ந்த வருடம் வாசலில் பெரிய ஆர்ச் ஒன்று எழும்பியது. எங்கள் பந்துகளுக்கு மேடம் சாக்குத் தைக்கிற ஊசியால் தானே தையல் போட்டு, சைக்கிள் கடையில் காற்றடித்துக் கொண்டுவருவார். டீமுக்கு மெஸ் பில் கட்ட நிர்வாகம் முடியாது என்று சொன்ன ஒரு வருடம், மேடம் பட்டாசு முதலாளி ஒருவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். முதலாளி சரி என்றிருக்கிறார். பதிலுக்கு அவர் கேட்டதையும் மேடம் சரி என்றிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கேம்ப் அறிவித்தார்கள். சிறப்புப் பயிற்சி முகாம், டீம் முழுவதும் போக வேண்டும், வகுப்புக்கு ஓ.டி. உண்டு. ஓ.டி. என்றால் காலேஜ் வேலையாக வெளியே போயிருப்பதாக அட்டெண்டன்ஸ் போட்டுவிடுவார்கள். எங்கே கேம்ப் என்றதற்கு, மதுரைப் பக்கம் என்றார் மேடம். என்னைப் பார்க்க வந்த அம்மாவிடம் மதுரை என்றே சொன்னேன். அவள் போகிற வழியில் பஸ்ஸிலேயே சொல்ல ஆரம்பித்திருப்பாள். எம் மக மதுரைக்குப் பந்தாடப் போறா என்று தெரு முழுக்கச் செய்தி. அடுத்த வாரம் புதுத் துண்டு ஒன்றும், மெதுவடை ஒரு தூக்கும் கொடுத்துவிட்டிருந்தாள்.

விருதுநகரிலிருந்து மதுரைக்கு வடக்கே போக வேண்டும். எங்கள் வேன் சிவகாசி ரோட்டில் திரும்பியது. முதல் வருடப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் காரியாபட்டியிலிருந்து வந்த செட்டரும். செட்டர் என்றால் மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தை விரல் நுனியால் தூக்கிக் கொடுக்கிறவள். அவள் வீட்டிலிருந்து மதுரை கூப்பிடு தூரம், அந்த ரோடு அவளுக்கு அத்துப்படி. "அண்ணே, மதுர இங்கிட்டா இருக்கு?" என்று டிரைவரைக் கேட்டாள். சீனியர் அக்காமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கும் ஒரு வருடம் இதே மாதிரி நடந்திருந்தது. அதை எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

வேன் போய் நின்றது ஒரு கொடவுன் வாசலில். முற்றத்தில் வேப்பமரத்துக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவே வலை கட்டியிருந்தார்கள். சிறப்புப் பயிற்சி முகாம் என்று பேனரும் தொங்கியது. முதலாளி வந்து ஒரு பந்தைத் தட்டி வைத்தார், போட்டோ எடுத்தார்கள். முதுகில் கம்பெனி பேர் போட்ட ஜெர்சி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். அரை மணி நேரம் ஆடினோம். பிறகு மேடம் எங்களை உள்ளே கூட்டிப்போனார். தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. நடுவில் நீளமான பெஞ்சுகள். சீசனுக்கு கிஃப்ட் பாக்ஸ் போட வேண்டும், அதுதான் கேம்ப்.

மேடம் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. உங்கள் மெஸ் பில்லைக் கட்டுவது இந்த முதலாளிதான், அவருக்கு சீசனில் ஆள் பற்றாக்குறை, இரண்டு மாதம் நாம் கைகொடுக்கிறோம், சாயங்காலம் பிராக்டீஸ் உண்டு என்று சொன்னார். கடைசியாக என்னைப் பார்த்து, "மருந்து வேலை இல்லத்தா. முடிஞ்ச சரக்க எடுத்துப் பெட்டியில வைக்கப் போறீக, அம்புட்டுத்தான்" என்றார். அம்மா அவரிடம் மருந்தைப் பற்றி என்னவோ சொல்லிவிட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பசி வந்தது. அங்கே போட்ட சாப்பாடு ஹாஸ்டல் சாப்பாட்டைவிட நன்றாக இருந்தது என்பதுதான் முதல் நாளைப் பற்றி எனக்கு நன்றாக நினைவிருப்பது.

கிஃப்ட் பாக்ஸ் போடுவது கஷ்டமான வேலை இல்லை. பெட்டி நகர்ந்துகொண்டே வரும். ஒருத்தி லட்சுமி வெடி வைப்பாள், ஒருத்தி சங்குசக்கரம், ஒருத்தி புஸ்வாணம், அடுத்தவள் கம்பி மத்தாப்பும் சாட்டையும், கடைசியில் பாம்பு மாத்திரை வைத்து மூடி டேப் ஒட்டுவார்கள். முதல் வாரம் எங்கள் பெஞ்ச் மெதுவாகத்தான் போனது. மேடம் ஒருநாள் நின்று கவனித்துவிட்டு, கோர்ட்டில் நிற்கிற வரிசையிலேயே எங்களை உட்கார வைத்தார். மணிக்கு ஒரு தரம் விசில் அடிப்பார். கோர்ட்டில் சுற்றி வருகிற மாதிரியே எல்லோரும் ஓர் இடம் மாறி உட்கார வேண்டும். ஒரே விரல் ஒரே வேலையைச் செய்து ஓய்ந்துபோகாது என்பது அவர் கணக்கு. அது பலித்தது. கொடவுனில் எங்கள் பெஞ்சுதான் அதிகப் பெட்டி போட்டது. சூப்பர்வைசர் மற்ற பெஞ்சுகளுக்கு எங்களைக் காட்டி, பிளேயருன்னா பிளேயருதான் என்று பாராட்டினார். மேடத்தின் முகத்தில் கப் வாங்கின பெருமை. அவருடைய மொத்தப் பயிற்சியும் அன்றைக்கு அந்த பெஞ்சில்தான் பலன் கொடுத்தது.

சாயங்காலப் பிராக்டீஸ் என்பது அன்றைய டார்கெட் முடிந்தால்தான். டார்கெட் முடிவதற்குள் வெளிச்சம் போய்விடும், நேரே வேன் ஏறி ஹாஸ்டலுக்குத் திரும்புவோம். அதோடு அட்டை விளிம்பு பட்டுப் பட்டு விரல் நுனியில் தோல் உரிந்துவிட்டது. எனக்கு அது பெரிய நஷ்டம் இல்லை, நான் உள்ளங்கையால் அடிக்கிறவள். செட்டருக்குத்தான் விரல் முக்கியம். பந்து வருவது தெரிகிறது, விரலில் பட்டது தெரியவில்லை, உறை மாட்டிக்கொண்டு ஆடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். வேலை செய்கிற டேப்பையே கிழித்து விரலில் சுற்றிக்கொண்டாள். சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து ஆபீசர்கள் ஒருநாள் சோதனைக்கு வந்தார்கள், சின்னப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்களா என்று. சூப்பர்வைசர் எங்கள் காலேஜ் ஐ.டி. கார்டுகளைக் காட்டினார். எல்லோருக்கும் பதினெட்டு ஆகியிருந்தது. ஓர் ஆபீசர் செட்டரின் விரலைப் பார்த்து என்னம்மா என்று கேட்டார். வாலிபால் சார் என்றாள். நல்லா ஆடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு ஒரு வழி இருந்தது. தீபாவளிக்குச் சில நாட்கள் முன்னால் காலேஜ்களுக்கு இடையேயான போட்டி. அதில் ஜெயித்த டீமிலிருந்துதான் பெரும்பாலும் யுனிவர்சிட்டி டீமுக்கு எடுப்பார்கள். யுனிவர்சிட்டி டீமில் பேர் வந்துவிட்டால் நிஜமான கேம்ப், நிஜமான கிரவுண்ட். அடுத்த சீசனுக்குக் கொடவுன் பக்கம் வர வேண்டாம். அந்த சர்டிபிகேட் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகலாம். ஜெயித்தால் அம்மா தெருவில் சொன்ன வாக்கும் பொய்யாகாது. அந்த ஒரு போட்டியைத்தான் நான் நினைத்துக்கொண்டு பெட்டி போட்டேன்.

பிறகு மழை பிடித்தது. மழை பெய்தால் வெடி கம்பெனியில் மருந்து வேலையை நிறுத்திவிடுவார்கள், சரக்கும் காயாது. அம்மா வேலை பார்த்த கம்பெனி எங்கள் முதலாளியின் தம்பி நடத்தியது. சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்களை அண்ணன் கொடவுனுக்கு அனுப்பினார்கள். ஒரு காலையில் தார்ப்பாய் போட்ட லோடு வேன் ஒன்று முற்றத்தில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்களில் அம்மாவும் இருந்தாள். முந்தானையைத் தலைக்குப் போட்டு, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கம்பெனி ஜெர்சியில், கையில் சங்குசக்கரப் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு, போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவளோடு வந்தவர்கள் எல்லாம் வேறு ஊர்க்காரர்கள், என்னைத் தெரியாது. அவர்களில் மூக்குத்தி போட்ட ஒரு அக்கா மட்டும் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த நெட்டப் பிள்ள ஒன் சாடையில இருக்கே என்றாள்.

அம்மா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம் மக காலேசுல படிக்கா. பந்து வெளையாட மதுரைக்குப் போயிருக்கா" என்றாள். எங்கள் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னாள்.

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். பெட்டி நகர்ந்து வந்தது. சங்குசக்கரத்தை வைத்தேன். அடுத்த பெட்டி வந்தது. பக்கத்தில் இருந்த செட்டருக்கு மட்டும் புரிந்துவிட்டது, அம்மா ஒருமுறை ஹாஸ்டலுக்கு வந்தபோது பார்த்திருக்கிறாள். அவள் அன்றைக்கு முழுவதும் எனக்கு வர வேண்டிய பெட்டிகளைக் கொஞ்சம் மெதுவாக நகர்த்தினாள்.

மழை விடவில்லை. அம்மா தினமும் வந்தாள். தினமும் என்னைத் தெரியாதவளாகவே இருந்தாள். பேச வேண்டி வந்தால், ஏ பிள்ள அந்த டேப்ப எடு என்பாள். நானும் எடுத்துக் கொடுப்பேன். மதியம் அவள் தட்டு கழுவப் போன பிறகு குழாயடியில் ஒரு சின்ன டப்பா இருக்கும், அதில் அவித்த முட்டை இருக்கும். நானும் செட்டரும் பாதிப் பாதி தின்போம்.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, எங்கள் டார்கெட் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே முற்றத்துக்குப் போனோம், தூறலில் ஆடினோம். மறுநாளும் அப்படியே. எங்கள் வேகம் கூடிவிட்டது என்று மேடம் நினைத்தார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். அம்மா தான் போட்டு முடித்த பெட்டிகளை, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும், எங்கள் அடுக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்களுக்குக் கூலி பெட்டிக் கணக்கு. எங்களுக்குக் கூலி கிடையாது. அவள் எங்கள் அடுக்கில் வைத்த ஒவ்வொரு பெட்டிக்கும் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கப்போவதில்லை. பார்த்துவிட்டு நான் தண்ணீர் குடித்தேன், வந்து உட்கார்ந்தேன்.

மழை நின்ற அன்று சாயங்காலம் பெண்கள் எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மா டப்பாவை எடுக்க மறந்தவள் மாதிரி குழாயடிக்கு வந்தாள். நான் அங்கேதான் நின்றேன்.

"எம்புட்டு நாளைக்கு இது?" என்று கேட்டாள்.

தீபாவளி வரைக்கும் என்றேன். மேட்ச் எப்போது என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை என்றேன். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்றாள். யுனிவர்சிட்டி டீம், போலீஸ் வேலை, இந்த இடத்துக்கு மறுபடி வர வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே டப்பாவைக் கழுவினாள்.

"நான் நின்னுரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"நின்னா மார்க் சீட்டக் குடுப்பாகளா?"

"குடுக்க மாட்டாகம்மா."

"பந்து ஆடணும், அம்புட்டுத்தான்னுல்ல சொன்னாக" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, குழாயிடம் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு டப்பாவைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்ப செயிச்சிரு" என்றாள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்று சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் நன்றாகத்தான் ஆடினோம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அம்மா வாங்கித் தந்த சில சாயங்காலங்கள் இல்லாவிட்டால் அரையிறுதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். இறுதிப் போட்டி மூன்று செட், முதல் செட் எங்களுக்கு. நான் அடித்த பந்து எல்லாம் அன்றைக்குத் தரையைத் தேடிப் போய் விழுந்தது. செட்டர் விரல் டேப்பைப் பிரித்து எறிந்துவிட்டு ஆடினாள். எதிர் டீம் வேறொரு ஊரின் காலேஜ், பெயர் வேண்டாம்.

இரண்டாவது செட்டில் அவர்கள் ஒரு புது ஆளை இறக்கினார்கள். அவளைப் பார்த்ததும் எங்கள் கேப்டன் அக்கா மேடத்தின் அருகே ஓடினாள். அவள் ஸ்டூடண்டே இல்லை, ஏதோ ஒரு கவர்ன்மெண்ட் டிபார்ட்மெண்ட் டீமில் ஆடுகிறவள், போன வருடம் கோயில் திருவிழா டோர்னமெண்டில் கைக்குழந்தையோடு வந்திருந்தாள் என்றாள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. குழந்தை கோர்ட் ஓரத்தில் யாரோ ஒரு அம்மா மடியில் இருந்து, அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதுகொண்டிருந்தது. வேறு ஒரு பிள்ளையின் பேரில் அவளை ஆட வைத்திருந்தார்கள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்குக் கொடுப்பதாகச் சொன்ன பணத்துக்கு அவள் ஆடினாள், அதுவும் அழகாக ஆடினாள்.

மேடம் நடுவர் மேஜைக்குப் போனார். நான் பெஞ்ச் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது. எதிர் டீமின் கோச்சும் அங்கே வந்தார். சண்டைக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டே வந்தார்.

"கார்டு செக் பண்ணணும்னா பண்ணிருவோம் மேடம். அப்படியே ரெண்டு டீமு அட்டெண்டன்சும் பாத்துருவோம். ஒங்க பிள்ளைக கேம்ப் எங்கன நடந்துச்சு?" என்றார்.

மேடம் அவரைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். எங்கள் ஜெர்சியின் முதுகைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். என்ன மேடம் ஆச்சு என்று கேப்டன் கேட்டதற்கு, "ஆடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆடினோம். இரண்டாவது செட்டும் போனது, மூன்றாவது செட்டும் போனது. கடைசிப் பக்கம் செட்டருக்கு விரலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் தூக்கின பந்துகளுக்கு நடுவர், பந்து கையில் இரண்டு தரம் பட்டது, டபுள் டச் என்று விசில் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பாயிண்ட் போனபோது அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தேற்றவில்லை. எனக்கு அப்போது யாரையும் தேற்றத் தோன்றவில்லை. தோற்றதும் தெரிந்தது, அது எப்படி நடந்தது என்பதும் தெரிந்தது, உள்ளே எதுவும் அசையவில்லை. யுனிவர்சிட்டி டீமுக்கு எங்களில் யாரையும் கூப்பிடவில்லை.

முதலாளி போட்டி பார்க்க வந்திருந்தார். மேடத்திடம் வந்து மரியாதையாகத்தான் பேசினார். தோத்தா என்ன மேடம், பிள்ளைக நல்லா ஆடுச்சுக என்றார். பிறகு, மறுநாள் பெரிய லோடு ஒன்று போக வேண்டியிருக்கிறது, பிள்ளைகளை ஹாஸ்டலுக்குக் கூட்டிப்போகாமல் நேரே கொடவுனுக்குக் கூட்டிவந்தால் தேவலை என்றார். மேடம் சரி என்றார். எங்களுக்கு வாழைப்பழமும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். வேனில் அவர் எங்களோடு உட்காரவில்லை, முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் அந்தக் காலேஜில் மூன்று வருடமும் முடித்தேன். மூன்று சீசனும் முடித்தேன். மார்க் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், கசங்காமல் இருந்தது. போலீஸ் வேலைக்கு எழுதிப் பார்த்தேன், வரவில்லை. இப்போது எங்கள் ஸ்கூலில் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போகும்போது, எந்த ஊர், எந்த கிரவுண்ட், எந்த பஸ் என்று எல்லாவற்றையும் பெற்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். அவர்களுக்கு நான் ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்று புரிவதில்லை.

அன்றைக்கு வேன் கொடவுன் வாசலில் நின்றபோது உள்ளே எல்லா பெஞ்சிலும் ஆள் இருந்தது. கடைசி வாரம் என்பதால் தம்பி கம்பெனிப் பெண்களையும் மறுபடி கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் ஜெர்சியோடு, புழுதிக் காலோடு உள்ளே போனோம். எங்கள் பெஞ்சில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றோம். மூக்குத்தி போட்ட அக்கா தலையைத் தூக்கி, என்னத்தா செயிச்சீகளா என்று கேட்டாள். செட்டர் இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் அம்மாவைப் பார்க்காமல் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாவம், அந்த நெட்டப் பிள்ள மொகமே வாடிப்போச்சு" என்றாள் அந்த அக்கா.

அம்மா கையில் இருந்த டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, பெட்டியை ஒட்டி முடித்தாள். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எம் மகதான்" என்றாள்.

அந்த அக்காவும் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். "இங்கன வந்து ஒக்காருத்தா" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முன்னால் ஒரு காலிப் பெட்டியை நகர்த்தி வைத்தாள்.